எண்பது வயது நாக்குக்கு ஒரு பொங்கல் விருந்து

பண்டிகை நாட்களில் முதியோர் இல்லங்களில் போய்ச் சமைத்துப் போடுவது தமிழ்நாட்டில் இப்போது நன்றாக வேரூன்றிவிட்ட பழக்கம். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து காய்கறி வாங்குகிறார்கள், அண்டாவும் அடுப்பும் வாடகைக்கு எடுக்கிறார்கள், விடியற்காலையில் அடுப்பு மூட்டித் தாங்களே பரிமாறுகிறார்கள். மனதாரச் செய்கிற வேலை. பந்தி முடிந்து இலை எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். வடை ஒரு கடி கடித்தபடி கிடக்கும். பீன்ஸ் பொரியல் வைத்த இடத்திலேயே இருக்கும். சாம்பார் சாதம் பாதிக்கு மேல் மிச்சம். பாயசம் மட்டும் காலி. "வயசாயிட்டா சாப்பாடு குறைஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டு இலையை மடித்துவிடுகிறோம்.

குறைவது உண்மைதான். ஆனால் அந்த மிச்சத்துக்குக் காரணம் பசி குறைந்தது மட்டும் இல்லை. மூக்கு, நாக்கு, தொண்டை, கண், இரைப்பை, ரத்த ஓட்டம் எல்லாமே வயதோடு மாறுகின்றன. சமைக்கிறவர்களோ முப்பது நாற்பது வயது நாக்கில் விட்டுத்தான் உப்புப் பார்க்கிறார்கள். பெரியவர்களுக்கு என்றால் மணம், குணம் எல்லாவற்றையும் குறைத்துக் குழையக் குழைய வேகவைத்தால் போதும் என்ற எண்ணம் வேறு. அதில் பாதிதான் சரி. குழைவு வேண்டும். மணமும் சுவையும் நமக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகவே வேண்டும்.

ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கினுடையது. மெல்லும்போது கிளம்பும் ஆவி தொண்டையின் பின்பக்கமாக மேலேறி, மூக்கின் உச்சியில் இருக்கும் மணமறியும் செல்களைத் தொடுகிறது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி இவற்றோடு நாக்கின் வேலை முடிந்துவிடும். வாயில் இருப்பது முருங்கைக்காயா கத்தரிக்காயா என்று சொல்வது அந்த ஆவிதான். 1984-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு டோட்டியும் அவருடைய குழுவும் கிட்டத்தட்ட 2,000 பேருக்கு மணங்களை அடையாளம் காணும் சோதனை வைத்து, முடிவை 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். 65 முதல் 80 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு மேல் மோப்பத் திறன் பெரிதும் குறைந்திருந்தது. 80-ஐத் தாண்டியவர்களில் முக்கால்வாசிக்கும் மேல். 80 பேர் உட்காரும் ஒரு பந்தியை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாம் அரைமணி நேரம் வறுத்து அரைத்துக் கொட்டிய சாம்பார்ப் பொடியின் மணம், உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் போய்ச் சேரவே இல்லை.

இந்தக் குறை ஒரே நாளில் வருவதில்லை. வருடக் கணக்கில் மெல்ல மெல்லக் குறைவதால், பலருக்குத் தன் மூக்கு தளர்ந்துவிட்டது தெரியாது. பழி மளிகைச் சாமான் மீது விழும். "இந்தக் காலத்து மல்லியில என்ன கண்ணு வாசம் இருக்கு, உரத்தைப் போட்டே கெடுத்துட்டாங்க" என்று இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டி சொல்வார். அந்தப் பேச்சைச் சலிப்பென்று தள்ளிவிடக் கூடாது. அவருடைய மூக்கு தரும் செய்தியை அவர் சரியாகத்தான் சொல்கிறார்.

மூக்கு தளர்ந்தாலும் வாய்க்கு இன்னொரு வழி திறந்திருக்கிறது. முகத்தின் தொடுவுணர்வையும் சூடு, குளிர்ச்சி, எரிச்சலையும் மூளைக்குக் கொண்டுபோகும் முக்கிளை நரம்புதான் அது. மிளகாயின் காரம் உண்மையில் சுவை இல்லை, ஒருவகைச் சூட்டுணர்வு. உடலில் 43 டிகிரி அளவு வெப்பம் படும்போது விழித்துக்கொள்ளும் அதே ஏற்பியைத்தான் மிளகாயின் கேப்சைசினும் தட்டி எழுப்புகிறது என்று 1997-ல் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் கண்டுபிடித்தது. 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அடிப்படை இந்த வேலை. மிளகின் பைப்பரினும் இஞ்சியின் காரமும் அதே கதவைத் தட்டுகின்றன. கடுகின் நெடி பக்கத்துக் கதவை. இந்த உணர்வும் வயதோடு மங்கத்தான் செய்கிறது. ஆனாலும் மோப்பம் போனபிறகும் கணிசமாக எஞ்சி நிற்கிறது. அதனால் முதியவர்களுக்குச் சமைக்கும்போது மிளகு, சுக்கு, இஞ்சி, பெருங்காயம், புளிப்பு இவற்றில் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம் என்பது என் கருத்து. வயிற்றுப் புண் உள்ளவர்களுக்காகப் பச்சை மிளகாயையும் மிளகாய்த் தூளையும் அடக்கி வாசிக்கலாம்.

உப்பைக் கூட்டுவது மட்டும் தீர்வு ஆகாது. நாக்கு உப்பை உணரும் கூர்மையும் வயதோடு குறைவதால், தன் வாய்க்குச் சரியாக இருக்கும்வரை போட்டுக்கொண்டால் ரத்த அழுத்தம் உள்ளவர் மாட்டிக்கொள்வார். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்று சொல்கிறது. பெரியவர்களின் நாக்கு கேட்பது அதைவிட அதிகம். அந்த இடைவெளியை நிரப்பப் பழுத்த தக்காளி உதவும். 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் இக்கேடா கிகுனாயே கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த, உமாமிச் சுவை தரும் குளுட்டமேட் என்ற பொருள் தக்காளியில் இயல்பாகவே இருக்கிறது. பழுக்கப் பழுக்கக் கூடுகிறது. ரசத்துக்கு நன்றாகச் சிவந்த நாட்டுத் தக்காளியைத் தேடி வாங்குவது வீண் வேலை இல்லை.

தாளிப்பின் நேரம் இன்னும் முக்கியம். கறிவேப்பிலை, பெருங்காயம், சீரகத்தின் மணப்பொருள்கள் சட்டென ஆவியாகிவிடும் எண்ணெய்கள். பதினோரு மணிக்குத் தாளித்துக் கொட்டி மூடிவைத்த ரசத்தில், ஒரு மணிப் பந்திக்குள் பாதி வாசம் போயிருக்கும். பந்தி உட்கார்ந்தபிறகு, சாப்பிடுகிறவர்கள் காதில் கடுகு வெடிக்கும் சத்தம் விழுகிற தூரத்தில் தாளித்துக் கொட்டினால், மங்கிய மூக்குக்கும் ஏதோ கொஞ்சம் எட்டும். மாத்திரைகளால் வாய் வறண்டுபோனவர்கள் பந்தியில் நிறைய இருப்பார்கள். ரத்த அழுத்தம், மனச்சோர்வு, சிறுநீர்க் கோளாறு என்று பல மருந்துகள் உமிழ்நீரைக் குறைக்கும். உமிழ்நீரில் கரைந்தால்தான் எந்தச் சுவையும் நாக்குக்குத் தெரியும். முதல் கவளத்துக்கு முன்னால் ஒரு சின்னத் துண்டு எலுமிச்சை ஊறுகாய் போதும், வாய் ஊறத் தொடங்கும்.

இப்போது தொண்டை. மூச்சும் சோறும் ஒரே வாசலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. விழுங்கும் அந்த ஒரு நொடியில் குரல்வளை மேலெழும்பி மூச்சுக்குழாயை மூடியாக வேண்டும். வயதாக ஆக அந்த அனிச்சைச் செயல் தாமதமாகத் தொடங்குகிறது. ஜப்பானில் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் டோக்கியோ தீயணைப்புத் துறை ஓர் எச்சரிக்கை விடுகிறது: மோச்சி என்ற பசையுள்ள அரிசிக் கொழுக்கட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டிச் சாப்பிடுங்கள் என்று. அப்படியும் ஆண்டுதோறும் பண்டிகை நாளில் அது தொண்டையில் அடைத்துச் சிலர் இறக்கிறார்கள், பெரும்பாலும் முதியவர்கள். பண்டிகைச் சமையலில் தொண்டையை நினைக்காமல் இருக்க முடியாது என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று வேண்டாம்.

அந்த வகையில் வெண்பொங்கல் அருமையான உணவு. பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைந்து, அரிசியின் மாவுச்சத்து ஒன்றோடொன்று பிணைந்து, நெய் மேலே பூச்சாகப் படிந்து, உதிராமலும் ஒட்டாமலும் ஒரே கவளமாக இறங்கும். இரண்டு இடத்தில் மட்டும் கவனம் தேவை. முழு மிளகும் முழு முந்திரியும் வேண்டாம். பல் இல்லாத வாயில் அவை நழுவி, தயாராகாத தொண்டைக்குத் தனியாக ஓடிவிடும். மிளகை ஒன்றிரண்டாகப் பொடித்தும் முந்திரியை அரைத்தும் சேர்த்தால் ருசியும் பரவும். இரண்டாவது, பொங்கல் காத்திருக்காது. ஆற ஆற மாவுச்சத்து மறுபடி இறுகி, பத்தரைக்குத் தளதளவென்று இருந்தது பன்னிரண்டு மணிக்குக் கட்டியாகி நிற்கும். பரிமாறும் முன் கொதிநீரும் காய்ச்சிய பாலும் விட்டுத் துடுப்பால் அடித்து இளக்க வேண்டும்.

தண்ணீராக ஓடும் ரசத்தில் பருக்கை மிதப்பது விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு மிகக் கடினம். நீர் முந்திக்கொண்டு ஓடும், சோறு பின்தங்கும்; ஒரே விழுங்கலில் இரண்டையும் சமாளிக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு ரசம் சோற்றைப் பிசைந்து மசித்துத் தரலாம். கரும்பைக் கடிக்கச் சொல்ல முடியாது. இஞ்சி சேர்த்துப் பிழிந்த கரும்புச் சாறு அரை டம்ளர், சர்க்கரை நோயாளிகள் தவிர மற்றவர்களுக்குத் தரலாம்.

பொங்கல் என்றால் மொச்சை. தை மாதம் அதன் பருவம். வெந்தபிறகும் மொச்சையின் தோல் தடித்து, நழுவி, பல் செட்டுக்கு அடியில் போய்ச் சிக்கும். இதற்கு நம் வீடுகளில் இருக்கும் வழி பிதுக்கம் பருப்பு. முந்தைய இரவு ஊறவைத்த பச்சை மொச்சையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்ல அழுத்தினால், தோல் கையில் நிற்க, வெளிர்ப்பச்சைப் பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். ஒரு தாம்பாளம் நிறையப் பிதுக்க நாலைந்து பேருக்கு ஒரு காலைப்பொழுது ஆகும். இல்லத்துப் பெரியவர்களிடமே கேளுங்கள். எங்களைவிட வேகமாகச் செய்து முடித்துவிட்டு, எங்கள் கைப்பக்குவத்தையும் திருத்துவார்கள். "நகத்தால கிள்ளாத தம்பி, நுனியை அமுக்கு, தன்னால வரும்." பருப்பு வெண்ணெயாக வேகும். அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் மொச்சையில் தாராளமாக இருப்பதால் இரண்டும் சேரும்போது புரதம் முழுமையடையும்.

அந்தப் புரதம் அலங்காரத்துக்கு அல்ல. வயதான தசைக்குப் புரதத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் திறன் குறைகிறது. அதே அளவு தசையைக் காக்கக் கூடுதலாகச் சாப்பிட வேண்டும். 65 வயதுக்கு மேல் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று 2013-ல் ஒரு சர்வதேச நிபுணர் குழு பரிந்துரைத்தது. அதே சமயம் இரைப்பை மெதுவாகக் காலியாவதால் நாலு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிட்ட உணர்வு வந்துவிடும். அந்த முதல் நாலு கவளம் எதுவாக இருக்கிறது என்பதில்தான் விருந்தின் பயன் இருக்கிறது. சர்க்கரைப் பொங்கலை முதலில் வைத்துவிட்டால் மொச்சைக் குழம்புக்கு இடம் இருக்காது. இனிப்பை இலையில் ஒரு சிட்டிகை தொட்டு வைத்துவிட்டு, மிச்சத்தைக் கடைசியில் பரிமாறலாம்.

இலை என்றதும் எனக்கு மிகப் பிடித்த ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. பாஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2004-ல் வெளியிட்டது. முற்றிய அல்சைமர் நோயாளிகளுக்கு வெள்ளைத் தட்டுக்குப் பதிலாகப் பளிச்சென்ற சிவப்புத் தட்டிலும் டம்ளரிலும் உணவு கொடுத்தார்கள். சமையல் அதேதான். சாப்பிட்ட அளவு சராசரியாக 25 சதவீதமும் குடித்த அளவு 84 சதவீதமும் உயர்ந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் காரணம் புரிகிறது: வயதான கண்ணுக்குப் பக்கத்துப் பக்கத்து நிறங்களைப் பிரித்தறிவது கடினம். எவர்சில்வர் தட்டில் தயிர்சாதம், வெள்ளைக் கிண்ணத்தில் பால் பாயசம், கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எல்லாம் மங்கிய கண்ணுக்குப் பாத்திரத்தோடு கலந்துவிடும். வாழையிலையின் கரும்பச்சையில் வெள்ளைச் சோறும் மஞ்சள் பொங்கலும் எவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன என்று யோசித்துப் பாருங்கள். பச்சைக் கீரையையும் அவரைப் பொரியலையும் அதே இலையில் வைத்தால் மறைந்துபோகும் என்பதும் உண்மை. பீன்ஸ் பொரியல் தொடாமல் கிடந்ததற்கு ஒரு காரணம் அதுவாகவும் இருக்கலாம். கேரட்டோ பூசணியோ பரங்கியோ நல்லது.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது அண்டாவுக்கு. வீட்டுச் சமையலில் கைதேர்ந்தவர்கள்கூட இங்கே தடுமாறுவார்கள். பாத்திரத்தின் நீள அகல உயரங்களை இரட்டித்தால் கொள்ளளவு 8 மடங்காகும், வெளிப்பரப்போ 4 மடங்குதான். சூடு வெளியேறுவது பரப்பின் வழியாக. பொங்கல் போன்ற கெட்டியான உணவில் ஆழம் 10 சென்டிமீட்டரிலிருந்து 40 ஆனால், நடுப்பகுதி ஆறும் நேரம் 4 மடங்கு இல்லை, ஏறக்குறைய 16 மடங்கு. "ராத்திரியே குழம்பு வச்சு இறக்கிட்டா காலையில நிம்மதி" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அந்த நிம்மதியில்தான் ஆபத்து. குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் கொதிநிலையிலும் சாவதில்லை. கொதி அவற்றை உசுப்பிவிடுகிறது. கூடவே உணவிலிருந்த ஆக்சிஜனையும் விரட்டுகிறது. ஆக்சிஜன் ஆகாத உயிரி அது. அண்டா மெல்ல ஆறி 45 டிகிரிப் பக்கம் வரும்போது சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று ஒரு மணி நேரத்தில் 64. மூன்று மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். இளைஞருக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கோடு போவது, வயிற்று அமிலம் குறைந்த, அமிலக் குறைப்பு மாத்திரை சாப்பிடுகிற, தாக உணர்வு மங்கிய எண்பது வயதுக்காரரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடும்.

ஆகவே முந்தைய இரவு காய் நறுக்கலாம், புளி கரைக்கலாம், மசாலா அரைத்துக் குளிர்பெட்டியில் வைக்கலாம். அடுப்பில் ஏற்றுவது விடிந்தபிறகுதான். இறக்கியது பரிமாறும்வரை 60 டிகிரிக்கு மேலேயே இருக்க வேண்டும். குத்திப் பார்க்கும் வெப்பமானி சில நூறு ரூபாய்தான். நடுவில் குத்திப் பாருங்கள், ஓரத்தில் அல்ல. மீந்ததை இரவுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி அண்டாவோடு விட்டுவிட்டு வரவே கூடாது. கொடுப்பதானால் அகலத் தட்டுகளில் இரண்டங்குல ஆழத்துக்குப் பரப்பி ஆற்றி, உடனே குளிர்பெட்டிக்குப் போக வேண்டும்.

சாப்பிட்டு முடித்தபிறகு வரும் ஒரு விஷயம் பெரும்பாலான தன்னார்வலர்களுக்குத் தெரியாது. 1983-ல் லூயிஸ் லிப்சிட்ஸும் சகாக்களும், உணவுக்குப் பிறகு முதியவர்களின் ரத்த அழுத்தம் இறங்குவதை 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் விவரித்தார்கள். செரிமானத்துக்காகக் குடலுக்கு ரத்தம் திரளும்போது, இளம் உடல் இதயத் துடிப்பைக் கூட்டியும் மற்ற ரத்தக் குழாய்களைச் சுருக்கியும் ஈடுகட்டிவிடும். தளர்ந்த உடலால் அந்த வேகத்துக்கு ஈடுகட்ட முடிவதில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளியோ அதற்கு மேலோ சரியலாம். தலை சுற்றும், கால் பின்னும், விழுவார்கள். இனிப்பும் மாவுச்சத்தும் மிகுந்த பெரிய சாப்பாட்டுக்குப் பிறகுதான் சரிவு அதிகம். பொங்கல் விருந்து என்பதே அதுதானே. பந்தி முடிந்ததும் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி குரூப் போட்டோ எடுக்கிற பழக்கத்தை இந்த ஒரு காரணத்துக்காகவே விட்டுவிடலாம். படத்தைச் சாப்பாட்டுக்கு முன் எடுத்துக்கொள்ளுங்கள். நீர் அளவுக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு இலை போடும் முன் ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீர் கொடுத்தால் சரிவு குறையும். 'தாகமாக இருக்கிறதா' என்று கேட்டுப் பயனில்லை. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்த முதியவர்களுக்கு, அதே நிலையில் இருந்த இளைஞர்களைவிடத் தாகம் குறைவாகவே தோன்றியது என்று 1984-ல் ஒரு சோதனை காட்டியது. டம்ளரைக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

இவ்வளவு பக்குவமும் பார்த்தபிறகும் ஒன்று மிஞ்சுகிறது: யாரோடு சாப்பிடுகிறார்கள் என்பது. அமெரிக்காவின் அலபாமாவில் வீட்டைவிட்டு வெளியே போக முடியாத முதியவர்களைக் கவனித்த ஓர் ஆய்வு, பக்கத்தில் ஆள் இருந்து சாப்பிட்டபோது ஒரு வேளைக்குச் சராசரியாக 114 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டதைப் பதிவு செய்தது. 2006-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு இன்னும் அழுத்தமானது. ஐந்து பராமரிப்பு இல்லங்களில் ஆறு மாதம், சிலருக்கு வழக்கம்போல் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள்; சிலருக்கு மேசை விரிப்பு போட்டு, பாத்திரங்களை நடுவில் வைத்து, வீட்டில்போல் தாங்களே எடுத்துச் சாப்பிட விட்டார்கள். வழக்கப்படி சாப்பிட்டவர்களின் உடல் எடை இறங்கியது. வீட்டுப் பாணியில் சாப்பிட்டவர்களின் எடை தாக்குப்பிடித்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் பின்னாளில் முதியோர் ஓய்வூதியம் பெறுபவர்களையும் சேர்த்தார்கள். முதுமையில் சோறு கிடைப்பதே கேள்வி என்ற நிலைக்கு அது பதில். பந்தியில் நாம் கூட உட்காருவது அதற்கடுத்த கேள்விக்கு. பரிமாறுகிறவர்களில் பாதிப் பேர் முதல் பந்தியிலேயே பெரியவர்களுக்கு நடுவில் இலை போட்டு உட்காருங்கள். அவசரப்படுத்தாமல், அவர்கள் மெல்லும் வேகத்துக்குச் சாப்பிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்பே இல்லத்தின் பொறுப்பாளரிடம் பேசி விவரம் வாங்கிக்கொள்வது அவசியம். யாருக்குச் சர்க்கரை, யாருக்குச் சிறுநீரகக் கோளாறு, யாருக்கு விழுங்குவதில் சிரமம், யார் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்குக் கீரை கூடாது என்பதில்லை, வழக்கத்தைவிடத் திடீரென்று கூட்டக் கூடாது, அவ்வளவே. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இளநீரும் வாழைப்பழமும் வேண்டாம். தேதியையும் அவர்களிடமே கேளுங்கள். பொங்கலன்று மூன்று குழுக்கள் வந்து நிற்கும். தை பிறந்து பத்து நாள் கழித்து ஒருவரும் இருக்க மாட்டார்கள். அப்போதும் மொச்சை சந்தையில் கிடைக்கும்.